‘இவன் பாத்துக்கொள்ளுவான்’: ஒரு வண்ணக்கர் கடிதத்தின் நிகழ்வு ஆய்வு

இதில் ஊரின் பெயர் இல்லை, கோயிலின் பெயர் இல்லை, ஆட்களின் பெயரும் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு பிள்ளையார் கோயில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த குழப்பத்துக்குக் காரணமான கடிதத்தை எழுதியவன் நான். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், ஊரில் கடிதம், விண்ணப்பம், முறைப்பாடு எதுவென்றாலும் என் திண்ணைக்குத்தான் வரும். கோயில் பரிபாலன சபையின் செயலாளரும் நானே. ஆகவே பழியை வேறொருவர் மேல் போட வழியில்லை.

பின்னணி

மட்டக்களப்பாருக்கு வண்ணக்கர் யாரென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழந்தமிழில் வண்ணக்கன் என்பவன் நாணயத்தின் தரம் பார்ப்பவன். சங்கப் புலவர் சிலரின் பெயரோடும் அந்தச் சொல் ஒட்டியிருக்கிறது. எங்கள் பகுதியில் அது கோயிலின் சொத்துக்கும் நடப்புக்கும் பொறுப்பானவரின் பதவிப் பெயர். எங்கள் கோயிலில் வண்ணக்கர் ஒரு குறிப்பிட்ட குடியிலிருந்து, அதாவது குலத்திலிருந்து, வருவார். குடி தாய்வழியில் வருவதால், ஒருவருக்குப் பின் அவருடைய மகனைவிட சகோதரியின் மகனுக்கே கண் போகும். ஆனாலும் அது தானாக வரும் உரிமை அல்ல. குடிக்கூட்டம் தெரிவு செய்யவேண்டும், ஊர்ப் பொதுக்கூட்டம் ஏற்கவேண்டும்.

இதற்குப் பக்கத்தில் பரிபாலன சபை ஒன்று இருக்கிறது: தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் ஏழு பேர். வங்கிக் கணக்கில் இரண்டு கையொப்பம், ஒன்று வண்ணக்கருடையது, மற்றது பொருளாளருடையது. கோயிலுக்குப் பன்னிரண்டு ஏக்கர் வயல் உண்டு. வருடா வருடம் மாரிப் போகத்துக்குக் குத்தகைக்குக் கொடுப்போம்.

சபையின் யாப்பு, அதாவது விதிகள், எழுதிய காலத்தில் வண்ணக்கருக்கு ஏலாமற் போனால் என்ன செய்வது என்று ஒரு வரி சேர்க்க ஒருவர் கேட்டாராம். “இருக்கிற மனிசனுக்கு முன்னால இதையெல்லாம் எழுதுறதா?” என்று அதை விட்டுவிட்டார்கள். அப்போது வண்ணக்கராக இருந்தவருக்கு ஐம்பது வயது. இந்தச் சம்பவத்தின்போது அவருக்கு எழுபத்தெட்டு.

கடிதம்

ஆவணியில் கொடியேற்றம். அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் வண்ணக்கருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. போதனா வைத்தியசாலை வாட்டில் போய்ப் பார்த்தேன். பேச்சு குழறியது, நினைவு தெளிவாக இருந்தது.

“மறுகா திருவிழா என்ன மாதிரி மனே?” என்றார்.

“அதுக்குத்தான் மாமா வந்தன். ஆர் பாக்கிறது?”

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மருமகனை, அதாவது தங்கையின் மகனை, இடக்கையால் காட்டினார். “இவன் பாத்துக்கொள்ளுவான்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. இரண்டு சொல். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அந்த இரண்டு சொல்லை நான் ஒரு பக்கக் கடிதமாக்கினேன். விடயம் என்ற இடத்தில் ‘பதில் வண்ணக்கர் நியமனம்’ என்று போட்டேன். உள்ளே, ‘சுகவீனம் காரணமாக எனது கடமைகள் அனைத்தையும் எனக்குப் பதிலாக எனது மருமகன் எனது பிரதிநிதியாக மேற்கொள்வார் என இத்தால் அறியத்தருகிறேன்’ என்று எழுதினேன். மறுநாள் அதை அவருக்கு வாசித்துக் காட்டி, இடக்கைப் பெருவிரல் அடையாளம் வாங்கி, இரண்டு பேரைச் சாட்சிக்குக் கையெழுத்து வைக்கச் செய்தேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று பின்னர் பல தடவை யோசித்திருக்கிறேன். கச்சேரிப் பழக்கம் ஒரு காரணம். பெரியவர் லீவில் போனால் அடுத்தவர் ‘பதில்’ என்று கையொப்பமிடுவதைப் பார்த்துப் பார்த்துக் கை அதற்குப் பழகிவிட்டது. மற்றக் காரணம், கடிதம் கனமாக இருக்கவேண்டும் என்ற ஆசை. ‘பார்த்துக்கொள்வார்’ என்று எழுதியிருந்தால் வீட்டுக் கடிதம் போலத் தெரியும் என்று நினைத்தேன்.

மருமகன் அந்தக் கடிதத்தைப் பிரதி எடுக்கப் போன கடையிலேயே ‘பதில் வண்ணக்கர்’ என்று ஒரு இறப்பர் முத்திரையும் செய்வித்துக்கொண்டு வந்தார். அதைக் கண்டபோதாவது எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

கண்டவை: ஒரு கடிதம், ஐந்து வாசிப்பு

முதலில் வங்கி. கிளையில் எல்லோரும் தமிழர், கடிதத்தை வாசித்தார்கள், தலையாட்டினார்கள். ஆனால் கையொப்பம் மாற்றுவதென்றால் கொழும்புக்கு அனுப்பவேண்டும், ஆங்கிலப் பிரதி வேண்டும் என்றார்கள். நீதிமன்றத்தடியில் உள்ள தட்டச்சுக் கடையில் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். கடைக்காரப் பிள்ளை ‘எனக்குப் பதிலாக’ என்பதைப் பார்த்து ‘ப்ரொக்சி’ என்று அடித்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பதிலாள் என்பதற்கு அகராதியில் அந்தச் சொல்தான் இருக்கும். கொழும்பிலிருந்து பதில் வந்தது: பதிலாள் என்பவர் ஒரு கூட்டத்தில் இன்னொருவருக்காக வாக்களிக்க வருபவர், காசோலையில் கையொப்பமிடுபவர் அல்ல. நாட்டின் கம்பனிகள் சட்டத்தில், 2007 இன் 7 ஆம் இலக்கச் சட்டத்தில், பங்குதாரர் ஒருவர் கூட்டத்துக்குப் பதிலாளை அனுப்பலாம் என்று வருவது இந்தப் பொருளில்தான். பந்தலுக்கும் மேளத்துக்கும் மின்சாரத்துக்கும் பொருளாளரும் நானும் கைக்காசைப் போட்டோம்.

இரண்டாவது, மருமகன். அவருக்குக் கடிதத்தின் தலைப்புத்தான் கடிதம். ‘பதில் வண்ணக்கர்’ என்றால் வண்ணக்கரின் கதிரையில் இருப்பவர், வண்ணக்கர் செய்யக்கூடியதெல்லாம் தானும் செய்யலாம் என்பது அவருடைய வாசிப்பு. கடை ஏலத்தை அவரே நடத்தினார். ஒலிபெருக்கிக்காரருக்கு அடுத்த வருடத் திருவிழாவையும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. ராப்பகலாக ஓடித் திரிந்தார், ஒரு சதம்கூட அவர் கையில் ஒட்டவில்லை என்பதைக் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் நான் எங்கும் சொல்வேன்.

மூன்றாவது, குடிப் பெரியவர்கள். கொடியேற்றத்தன்று பரிவட்டம் கட்டும் நேரத்தில் அவர்கள் எழுந்துவிட்டார்கள். “வேலையைப் பாக்கட்டும், வேணாமெண்டு சொல்லல்ல. பரிவட்டம் குடி குடுக்கிறது. ஆசுப்பத்திரியில கிடக்கிறவர் குடுக்கிறதில்ல.” எனக்கு அன்று கடும் கோபம் வந்தது. கடிதத்தை அவமதிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நான்காவது, உபதலைவர். அவர் வேறு குடி. தலைவர் இல்லாதபோது உபதலைவர் தலைமை தாங்குவார் என்ற யாப்பின் வரியைக் காட்டி, மேலே உள்ளவர் விழுந்தால் அடுத்தவர் தானே என்றார். அந்த வரி சபைத் தலைவரைப் பற்றியது, வண்ணக்கரைப் பற்றியது அல்ல. ஆனால் கூட்டத்தில் பாதிப்பேர் ‘உப’ என்ற சொல்லைக் கேட்டவுடன் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

இந்த அமளிக்குள் சத்தமில்லாமல் சரியான வேலையைச் செய்தவர் குருக்கள். சங்கற்பத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் இழுபட்டுக்கொண்டிருக்க, அவர் மருமகனைக் கூப்பிட்டுத் தர்ப்பையை அவர் விரலில் போட்டார், பெரியவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிச் சங்கற்பம் செய்தார். கை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. இரண்டும் கலக்கவில்லை. நான் ஒரு பக்கம் எழுதியும் சொல்லமுடியாததை அவர் ஒரு தர்ப்பையில் சொல்லிவிட்டார்.

மரணமும் குத்தகையும்

தீர்த்தம் முடிந்து நாலாம் நாள் வண்ணக்கர் காலமானார்.

செத்தவீட்டு அலுவல்களில் கடிதத்தை எல்லோரும் மறந்துபோனோம். ஆனால் வயல் காத்திருக்காது. புரட்டாதி பிறந்தால் உழவுக்கு உழவியந்திரம் பிடிக்கவேண்டும். இறந்த ஆறாம் நாள் குத்தகைக்காரர் முற்பணத்தோடு மருமகனின் வீட்டுக்கு வந்தார். மருமகன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து, அந்த முத்திரையையும் குத்திக் கொடுத்தார். முற்பணத்தை மறுநாளே பொருளாளரிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டார்.

குத்தகைக்காரர் செய்கை விபரம் பதியக் கமநல சேவை நிலையத்துக்குப் போனபோதுதான் விடயம் வெளியே வந்தது. உத்தியோகத்தர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், செத்தவீட்டுக்கும் வந்து போனவர். திகதியைப் பார்த்திருக்கிறார். “வண்ணக்கர் மோசம்போன பிறகு ‘பதில் வண்ணக்கர்’ எண்டா ஆருக்குப் பதில்?” என்று கேட்டாராம். குத்தகைக்காரர் அந்தக் கேள்வியை அப்படியே ஊருக்குள் கொண்டுவந்தார். இரண்டு நாளில் மருமகன் கோயில் காணியைத் திருட்டுத்தனமாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது.

சொற்களைப் பிரித்துப் பார்த்தபோது

அந்த வாரம் நான் மட்டக்களப்பு நகரில் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கப் போனேன். கடிதத்தை வாசித்துவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வி: “வண்ணக்கர் பதவி அவருடைய சொத்தா, குடி அவரிடம் ஒப்படைத்ததா?” ஒப்படைத்தது என்றேன். “அப்படியென்றால் ஒப்படைக்கப்பட்டதை, ஒப்படைத்தவரைக் கேளாமல் அவர் இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது. வேலையைச் செய்விக்கலாம், பதவியைக் கைமாற்ற முடியாது.” பரிவட்டத்தை மறித்த கிழவர்கள் சொன்னதும் இதுதான் என்பது அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் சொன்ன அடுத்தது இன்னும் முக்கியமானது. சொந்தக் காணி, சொந்தக் காசு விடயத்தில் தனக்காகச் செயற்படும் அதிகாரத்தை ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது அற்றோணித் தத்துவம். லண்டனிலும் கனடாவிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த பத்திரம். 1902 ஆம் ஆண்டிலிருந்தே அதற்கென்று தனிக் கட்டளைச் சட்டம் உண்டு. கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அவரோடு போய்விடும். எங்கள் கடிதம் முறையான அற்றோணிப் பத்திரமாக இருந்திருந்தாலும், குத்தகையில் கையெழுத்து வைத்த நாளில் அது செத்த கடிதம்.

வீட்டுக்கு வந்து, கச்சேரியில் இத்தனை வருடம் எழுதிய சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

பதில் என்ற சொல்தான் மிகச் சிக்கலானது. 2022 ஆடி மாதத்தை நினைத்துப் பாருங்கள். யூலை 13 ஆம் திகதி, ஜனாதிபதி நாட்டில் இல்லாத நிலையில், அரசியலமைப்பின் 37 ஆம் உறுப்புரையின்படி ரணில் விக்கிரமசிங்க பதில் ஜனாதிபதியானார். பதவிக்குரியவர் அப்போதும் பதவியில் இருந்தார், வெளியூரில் மட்டும் இருந்தார். 15 ஆம் திகதி, பதவிவிலகல் ஏற்கப்பட்டபின், 40 ஆம் உறுப்புரையின்படி அவரே மறுபடி சத்தியப்பிரமாணம் செய்தார். இப்போது கதிரை வெறுமையாகிவிட்டது. நாங்கள் இரண்டு நாளும் ‘பதில் ஜனாதிபதி’ என்றே சொன்னோம். ஆள் ஒன்று, சொல் ஒன்று, அதிகாரம் வந்த வழி இரண்டு. அதனால்தான் இரண்டாம் தடவை சத்தியப்பிரமாணம் தேவைப்பட்டது. எங்கள் மருமகனுக்கு நடந்ததும் இதுதான். மாமா உயிரோடு இருந்தவரை ஒரு பொருளில் பதில், இறந்த மறுகணம் வேறு பொருளில் பதில். அந்த இரண்டாவதை அவருக்குக் கொடுக்க அப்போது யாரும் கூடவில்லை.

பிரதி என்பது அப்படி அல்ல. பிரதிப் பணிப்பாளர், பிரதி அதிபர், பிரதி மேயர் எல்லாம் தனக்கென்று ஒரு கதிரை உள்ளவர்கள். மேலே உள்ளவர் வந்தாலும் போனாலும் அவர் பிரதிதான். உப என்பதும் பெரும்பாலும் அப்படியே, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. வந்தாறுமூலையில் உபவேந்தர்தான் கிழக்குப் பல்கலைக்கழகத்தை நடத்துபவர். வேந்தர் பட்டமளிப்புக்கு வருவார். தமிழ்நாட்டில் அதே பதவி துணைவேந்தர். உதவி என்றால் சொன்னதைச் செய்பவர். பிரதிநிதி என்றால் ஒரு சபையிலோ கூட்டத்திலோ நமக்காக நின்று பேசுபவர். பேசுவார், ஆனால் நமது பெட்டிச் சாவி அவரிடம் இருக்கவேண்டும் என்பதில்லை. பதிலாளுக்கு ஒரு கூட்டம், ஒரு வாக்கு, அத்தோடு சரி. நான் ஒரே கடிதத்தில் பதிலையும் பிரதிநிதியையும் போட்டு, தட்டச்சுக் கடையில் பதிலாளையும் சேர்த்துக்கொண்டேன்.

அதிபர் என்ற சொல்லையும் அந்தத் தாளில் எழுதினேன். ஆங்கிலேயர் வைத்த பதவியில் அரசாங்கத்தின் முகவர் என்பதுதான் பொருள், அதாவது இன்னொருவர் கொடுத்த அதிகாரத்தைப் பிடித்திருப்பவர். தமிழில் அவர் அரசாங்க அதிபர். அரசுக்காக வழக்காடும் சட்டத்தரணி சட்டமா அதிபர். பள்ளிக்கூடத்துக்கும் அதிபர். கொடுத்த கையை மறைத்து, வாங்கிய ஆளைப் பெரிதாக்கும் ஆசை எங்களுக்குப் பழையது போலும். கடிதத்தின் தலைப்பில் ‘பதில் வண்ணக்கர்’ என்று போட்டபோது நான் செய்ததும் இதையே.

இந்த வேறுபாடு நம்மவருக்குத் தெரியாதது அல்ல. திருக்குறளின் 69 ஆம் அதிகாரமான தூதுக்கு உரை எழுதப் புகுந்த பரிமேலழகர், தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இரண்டாகப் பிரிக்கிறார். ஒருவன் நிலைமையைப் பார்த்துத் தானே முடிவெடுத்துப் பேசலாம், மற்றவன் கொடுத்த செய்தியை மட்டும் கொண்டுபோவான். வயற்சொந்தக்காரரான போடியாருக்காக வயலைப் பார்க்கும் முல்லைக்காரருக்கும் இது தெரியும். விதைப்பு நாளைப் போடியார் சொல்வார், எந்த வரவையில், அதாவது வயல் துண்டில், முதலில் இறங்குவது என்பதை முல்லைக்காரர் பார்த்துக்கொள்வார். யாரும் அவரைப் ‘பதில் போடியார்’ என்று சொல்லக் கேட்டதில்லை.

அரசாங்க அலுவலகத்திலும் இது உண்டு. தாபன விதிக்கோவையில் பதிற் கடமை வேறு, ஒரு பதவியின் கடமைகளைக் கவனிப்பது வேறு. வண்ணக்கர் வாட்டில் கிடந்தபடி சொன்னது இரண்டாவது. ‘பாத்துக்கொள்ளுவான்.’ அவர் மிகச் சரியான சொல்லைச் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குடிக்காரருக்குத் துடக்கு என்பதால் கோயில் மண்டபத்தில் கூடமுடியவில்லை. இறந்த பதினாறாம் நாள் பல்நோக்கு மண்டபத்தில் முதலில் குடிக்கூட்டமும், தொடர்ந்து ஊர்ப் பொதுக்கூட்டமும் வைத்தோம். முதலில் நான் எழுந்து, கடிதத்தின் சொற்கள் என்னுடையவை, பெரியவர் சொன்னவை அல்ல என்று சொன்னேன். மருமகனின் மேல் இருந்த கோபம் அதனால் முழுதும் இறங்கவில்லை, கொஞ்சம் என் பக்கம் திரும்பியது. அதுவும் நல்லதற்கே.

திருவிழாக் காலத்தில் மருமகன் செய்தவற்றை ஒவ்வொன்றாக வாசித்தோம். மொத்தமாக ஏற்கலாம், எல்லாவற்றையும் தள்ளலாம் என்று இரண்டு குரலும் எழுந்தன. நாங்கள் ஒவ்வொன்றாகப் போனோம், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு. பந்தல், மேளம், அன்னதானம், கடை ஏலம் எல்லாம் அந்தத் திருவிழாவுக்குள் முடிந்தவை, பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்டவர் செய்யவேண்டியவை, ஏற்றோம். ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுத்த அடுத்த வருட வாக்கை ஏற்கவில்லை. கொஞ்ச நாளைக்குப் பார்க்க வந்தவர் அடுத்த வருடத்தைக் கட்டிவைக்க முடியாது. ஒலிபெருக்கிக்காரர் கோபித்துக்கொண்டார், அவரிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன்.

குத்தகைதான் கடினம். முற்பணம் கொடுத்தவர் மேல் பிழை இல்லை, அதற்குள் உழவும் தொடங்கிவிட்டார். மருமகன் வைத்த கையெழுத்தையே பொதுக்கூட்டம் பின்னேற்றால் போதும் என்றார் சிலர். சட்டத்தரணி அதை விரும்பவில்லை. யாருக்காகக் கையெழுத்து வைத்தாரோ அவர் அன்று உயிரோடில்லை, இல்லாதவருக்காக வைத்ததை ஏற்பது நாளைக்கு இன்னொரு வழக்குக்கு விதை என்றார். ஆகவே பழைய தாளைக் கிழித்துவிட்டு, அதே தொகைக்கு, அதே நிபந்தனைக்கு, கூட்டத் தீர்மானத்தோடு சபை புதிதாக எழுதிக் கொடுத்தது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பணக் குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்படவேண்டும் என்பது 1840 இன் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஊரில் முத்திரை ஒட்டிய தாளுக்கு மேல் யாரும் போவதில்லை. நாங்கள் இந்த முறை நொத்தாரிசிடம் போனோம். செலவைப் பார்த்துப் பொருளாளர் முகம் சுளித்தார்.

வங்கிக்குப் புதிய தீர்மானம் அனுப்பினோம். அதில் பதில், பிரதி, பிரதிநிதி எதுவும் இல்லை. ‘புதிய வண்ணக்கர் தெரிவாகும் வரை, அல்லது மார்கழி 31 வரை, இரண்டில் முந்தியது எதுவோ அதுவரை, பொருளாளரும் செயலாளரும் கணக்கில் கையொப்பமிடுவர்’ என்று மட்டும் இருந்தது. மொழிபெயர்ப்பை இந்த முறை நானே செய்தேன்.

இடைக்காலத்துக்கு ஒருவர் வேண்டும் என்பதில் உபதலைவர் சொன்னது சரி, அந்த ஒருவர் தான் என்பதில்தான் சிக்கல். அவருக்கு அதை விளங்கவைக்க அரை மணித்தியாலம் போனது. கடைசியில் குடி ஒரு மூத்தவரை ‘வண்ணக்கர் கடமைகளைக் கவனிப்பவர்’ என்று நிறுத்தியது. நீளமான பெயர் என்று இளைஞர் சிரித்தார்கள். கடிதங்களில் அவர் ‘வண்ணக்கருக்காக’ என்றும் கையொப்பமிடவில்லை, ஏனென்றால் அப்போது வண்ணக்கர் என்று ஒருவரும் இல்லை. ‘பரிபாலன சபைக்காக’ என்றே இட்டார்.

பின்னர் நடந்தவை

முப்பத்தோராம் நாள் முடிந்து இரண்டு கிழமையில் குடிக்கூட்டம் புதிய வண்ணக்கரைத் தெரிவு செய்தது. அது மருமகன் அல்ல, அவருடைய பெரியம்மாவின் மகன். கடிதம் இப்படி எழுதப்படாமல் இருந்திருந்தால் மருமகனே வந்திருப்பாரோ என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. காணித் திருட்டு என்ற பேச்சு பொய் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் தெரிந்த பிறகும் பேச்சு ஒரு மனிதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் அடுத்த திருவிழாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த வருடம் அன்னதானப் பந்தலில் அகப்பை பிடித்தார். இப்போது என்னோடு பேசுகிறார், கடிதத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

வங்கி தீர்மானத்தைக் கேள்வியில்லாமல் ஏற்றது. குத்தகைக்காரர் அந்தப் போகம் நல்ல விளைச்சல் எடுத்தார். நானும் பொருளாளரும் போட்ட கைக்காசு திரும்பி வர ஐந்து மாதம் ஆனது.

இனி மாற்றவேண்டியவை

யாப்பில் இப்போது ஒரு பிரிவு சேர்த்திருக்கிறோம். வண்ணக்கருக்கு ஏலாமற் போனால் ஏழு நாளுக்குள் குடி கூடிக் கடமை கவனிப்பவரை நிறுத்தவேண்டும், அவர் அதிகபட்சம் மூன்று மாதம் இருக்கலாம், வண்ணக்கர் இறந்தால் அன்றோடு அது முடிந்து புதிதாகக் கூடவேண்டும், காணியும் அடுத்த வருடத்து ஒப்பந்தமும் அவர் கைக்கு அப்பாற்பட்டவை. பரிவட்டம் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதைக் குடி பார்த்துக்கொள்ளும்.

என் பங்குக்கு, இப்போது யாரும் இப்படியொரு கடிதத்துக்கு வந்தால் முதலில் தாளை எடுப்பதில்லை. யார் கொடுக்கிறார், அது அவருடையதா வேறொருவர் அவரிடம் தந்ததா, என்ன வேலைக்கு, எந்த நாள்வரை, கொடுத்தவர் போய்விட்டால் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பதவிப் பெயர் கேட்பவர்களுக்கு, அந்தப் பதவியை வைத்திருப்பவர்களிடம் போகச் சொல்கிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை, தட்டச்சுக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

‘பதில் வண்ணக்கர்’ முத்திரை கோயில் மேசை லாச்சியில் இன்னும் கிடக்கிறது. போன வருடம் புதிய வண்ணக்கர் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போனார். புறப்படும் அன்று காலை தம்பியைக் கூட்டிக்கொண்டு என் திண்ணைக்கு வந்தார்.

“நான் வரும்மட்டும் உண்டியல் சாவி இவனிட்ட. விளக்கு வைக்கிறதும் பூசைச் சாமான் வாங்கிறதும் இவன். வேறொண்ணும் வேணாம். வெள்ளிக்கிழமை வந்திருவன்.”

அதை அப்படியே எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை. அவர் கையெழுத்து வைத்தார், தம்பி சாவியை வாங்கிக்கொண்டார்.